காரைக்காலைச் சிகாகோவில் வாசித்தவர்

1987-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகப் பதிப்பகம் தமிழ்ப் பக்திப் பாடல்களின் கவிதையியலைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டது. தலைப்பு 'சாங்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்'. எழுதியவர் நார்மன் கட்லர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த பேராசிரியர். ஆழ்வார்களும் நாயன்மார்களும் பாடியவற்றை இலக்கியத் திறனாய்வின் கண்கொண்டு பார்த்த அந்த நூலில் அவரே மொழிபெயர்த்த பாடல்களும் உண்டு. அவற்றுள் அற்புதத் திருவந்தாதியின் வெண்பாக்கள் இடம்பெற்றிருக்கின்றன. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன் காரைக்கால் அம்மையார் என்ற பெண் கட்டிய வெண்பாக்கள் மிச்சிகன் ஏரிக்கரை நகரம் ஒன்றில் சொல் சொல்லாக ஆராயப்பட்டிருக்கின்றன.

கட்லர் 1949-ல் பிறந்தவர், 2002-ல் மறைந்தவர். நீண்ட ஆயுள் என்று சொல்ல முடியாது. நம் ஊரில் அவர் பெயரைச் சொன்னால் அடையாளம் காண்பவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் தமிழ் படித்தார் என்ற பெருமையை ஜி.யு. போப், கால்டுவெல் காலம் தொட்டே நாம் போதிய அளவு கொண்டாடியாயிற்று. கட்லரைப் பற்றி எழுதக் காரணம் வேறு. அம்மையாரின் ஊர்க்காரர்களான நாம் பல தலைமுறைகளாகச் செய்யாமல் விட்ட ஒரு வேலையை அவர் செய்தார். நம் கையில் அம்மையாரின் கதை பத்திரமாக இருக்கிறது. அவருடைய கவிதையை நாம் எங்கோ வைத்துவிட்டோம். கட்லர் அந்தக் கவிதையைக் கையில் எடுத்தார்.

கதை காரைக்காலில் கைக்குழந்தைக்கும் தெரியும். வணிகர் தனதத்தனின் மகள் புனிதவதி. கணவர் பரமதத்தன் கடையிலிருந்து அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குப் படைத்துவிடுகிறார். இன்னொரு கனியைத் தின்று ருசி கண்ட கணவன் மற்றதையும் கேட்கிறான். இறைவன் அருளால் கையில் ஒரு கனி வருகிறது. அதன் சுவையில் ஐயம் கொண்டு அவன் விசாரிக்க, உண்மை தெரிந்து அஞ்சி, கப்பலேறிப் போய்ப் பாண்டி நாட்டில் வேறு மணம் செய்துகொள்கிறான். பிறகு அவர் காலில் அவன் விழுவதும், அவர் தசை உதறிப் பேயுரு வேண்டிப் பெறுவதும், கயிலையைத் தலையால் நடந்து ஏறுவதும், சிவபெருமான் 'அம்மையே' என்று அழைப்பதும் நாம் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவை. ஆனிப் பௌர்ணமியை ஒட்டி வரும் மாங்கனித் திருவிழாவில் இந்தக் கதை முழுவதையும் ஊரே நடித்துக் காட்டுகிறது. மாப்பிள்ளை அழைப்பு, திருக்கல்யாணம், பவழக்கால் சப்பரத்தில் பிச்சாண்டவர் வீதியுலா. வீட்டு மாடிகளிலிருந்து கூடை கூடையாக மாம்பழங்களை வீசுகிறார்கள். கீழே நெருக்கியடித்து நிற்கும் கூட்டம் சேலை முந்தானையையும் துண்டையும் விரித்து அவற்றைப் பிடிக்கிறது.

இந்தக் கதை முழுவதும் நமக்கு வந்தது சேக்கிழாரிடமிருந்து. பெரியபுராணம் 12-ஆம் நூற்றாண்டு நூல். அம்மையாரின் காலத்தைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஆறாம் நூற்றாண்டை ஒட்டி வைக்கிறார்கள். இடையில் சுமார் 600 ஆண்டுகள். அம்மையார் பாடியவையாக நமக்குக் கிடைத்தவை 143 பாடல்கள்: திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டில் இருபத்திரண்டு, திருவிரட்டை மணிமாலை இருபது, அற்புதத் திருவந்தாதி நூற்றொன்று. எல்லாம் பதினோராம் திருமுறையில் இருக்கின்றன. இந்த 143 பாடல்களில் மாங்கனி இல்லை. பரமதத்தன் இல்லை. திருமணம், பிரிவு, கப்பல் எதுவும் இல்லை. புனிதவதி என்ற பெயர்கூட இல்லை. தன்னைக் காரைக்கால் பேய் என்று மட்டும் அவர் சொல்லிக்கொள்கிறார். சுந்தரரும் திருத்தொண்டத் தொகையில் அவரைப் பேயார் என்றே குறிப்பிடுகிறார்.

சேக்கிழாரின் கதையை இதனால் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பேரிலக்கியம், நம் ஊரின் உயிர் அதில் இருக்கிறது. ஆனால் கதையின் வெளிச்சத்தில் நின்றுகொண்டு பாட்டைப் பார்த்தால் பாட்டின் முகம் தெரியாது. திருவாலங்காட்டுப் பதிகத்தை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். நரம்பு புடைத்து, முலை வற்றி, கண் குழிந்து, வயிறு ஒட்டி, தலைமயிர் சிவந்து, கணைக்கால் நீண்ட ஒரு பெண் பேய் அங்கே இருக்கிறது. கள்ளி படர்ந்த காடு. எரிந்தும் எரியாமலும் கிடக்கும் பிணங்கள். நரி இழுத்துத் தின்கிறது, ஆந்தை அலறுகிறது. அந்த இடுகாட்டின் நடுவே தமருகமும் குடமுழாவும் மொந்தையும் தக்கையும் முழங்க, ஏழு சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களும் வரிசை கட்ட, சிவன் ஆடுகிறான். அவன் ஆட்டத்தில் அணுவளவும் பதற்றம் இல்லை. எரிகாட்டைக் கண்ணெதிரில் கொண்டுவரும் கையும் இசையிலக்கணம் கற்ற காதும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கின்றன. இப்படி ஒரு கவிஞர் எந்த மொழியில் தோன்றியிருந்தாலும் அந்த மொழி அவரை முதல்வரிசையில் வைத்திருக்கும்.

இந்தக் கவிதை சிகாகோவுக்குப் போய்ச் சேர்ந்த வழி உலக அரசியலின் வழி. 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியது. கல்வியில் பின்தங்கிவிட்டோமோ என்ற அச்சத்தில் அமெரிக்கா 1958-ல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அறிவியலுக்கும் கணக்குக்கும் மட்டுமல்லாமல், அமெரிக்கர் அதிகம் கற்காத மொழிகளுக்கும் அந்தச் சட்டத்தில் பணம் ஒதுக்கப்பட்டது. தமிழும் அந்த மொழிகளில் ஒன்று. இன்னொரு வழி கோதுமை. பி.எல். 480 என்று நம் பெரியவர்கள் இன்றும் நினைவு வைத்திருக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்கா இந்தியாவுக்குத் தானியம் அனுப்பியது. விலையை இந்தியா ரூபாயிலேயே கட்டியது. இந்தியாவிலேயே செலவழிக்க வேண்டியிருந்த அந்த ரூபாயில் ஒரு பங்கைக் கொண்டு 1962 முதல் இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பினார்கள். நம் ரேஷன் கடை வரிசையில் கோதுமைக்கு நின்ற அதே ஆண்டுகளில், சென்னையிலும் மதுரையிலும் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் கப்பலில் சிகாகோ போய்க்கொண்டிருந்தன. சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழக வெளியீடுகளை அந்நாட்டு நூலக அடுக்குகளில் வரிசையாகப் பார்த்தவர்களுக்கு அதன் பயன் தெரியும்.

ஆனால் பணமும் புத்தகமும் மட்டும் இருந்து என்ன பயன்? வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளாக ஏ.கே. ராமானுஜன் 1962 முதல் சிகாகோவில் இருந்தார். 1929-ல் மைசூரில் பிறந்த தமிழ் வைணவக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், தந்தையிடம் ஆங்கிலம். சங்க இலக்கியம் அவருக்கு அமெரிக்காவில்தான் கிடைத்தது. சிகாகோ நூலகத்தின் கீழ்த்தளத்தில் பழந்தமிழ் இலக்கணம் எதையோ தேடப் போனவர் கையில் உ.வே. சாமிநாதையர் 1937-ல் பதிப்பித்த குறுந்தொகை அகப்பட்டது. அதன் பிறகு அவர் செய்த மொழிபெயர்ப்புகள் உலகத்துக்கே சங்கக் கவிதையைத் தெரியவைத்தன: 1967-ல் குறுந்தொகைத் தேர்வு, 1981-ல் நம்மாழ்வார், 1985-ல் எட்டுத்தொகை, பத்துப்பாட்டுத் தேர்வு. நார்மன் கட்லர் படித்தது இந்த ராமானுஜன் இருந்த துறையில். பின்னர் அதே துறையில் ராமானுஜனுக்குச் சக பேராசிரியராகவும் ஆனார். சங்க மரபு எப்படிப் பக்தி மரபாக உருமாறியது என்பதைப் பற்றி 1983-ல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, திருமுருகாற்றுப்படையையும் பரிபாடலையும் அந்த மாற்றத்தின் வாசல்படிகளாகக் காட்டுகிறது. மன்னனைப் பாடிய புறமும் காதலைப் பாடிய அகமும் ஒன்றாகக் கலந்து இறைவனிடம் போய்ச் சேர்ந்த விதத்தை அவ்வளவு தெளிவாகச் சொன்னவர்கள் குறைவு.

கட்லர் தமிழை நூலகத்தில் மட்டும் கற்றவர் என்று நினைத்துவிடக் கூடாது. மதுரை அவருக்கு இன்னொரு பள்ளிக்கூடம். அவருடைய முதல் நூலான திருப்பாவை, திருவெம்பாவை ஆங்கில மொழிபெயர்ப்பு 1979-ல் மதுரையில், முத்துப் பதிப்பகத்தில்தான் வெளிவந்தது. மார்கழியில் நம் பெண்கள் விடியற்காலையில் பாடும் இரண்டு பாவைப் பாடல்களையும் ஒருசேர எடுத்தது அவருடைய நுண்ணுணர்வுக்குச் சாட்சி. சைவம், வைணவம் என்று அலமாரி பிரித்து வைக்காமல் இரண்டையும் ஒரே கவிதை மரபாகப் பார்க்கும் பழக்கம் அவரிடம் அப்போதே வந்துவிட்டது. 'இக்காலத் தமிழ் மரபு' எழுதிய மதுரை மொழியியலாளர் கு. பரமசிவத்திடம் அமெரிக்கத் தமிழ் மாணவர் பலர் கற்றார்கள். அவருக்குக் காணிக்கையாகக் கட்லரும் பாலா ரிச்மனும் சேர்ந்து 1992-ல் தமிழ் இலக்கிய மொழிபெயர்ப்புத் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆசிரியருக்கு மாணவர் செய்யும் மரியாதையை நூலாகச் செய்வது நம் மரபு. அதை அவர்கள் நம்மிடமிருந்தே கற்றிருக்க வேண்டும். 1981 ஜனவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டையும் கட்லர் நேரில் பார்த்தார். மீனாட்சியின் ஊரில் திரைநாயகர் நடத்திய அந்த விழாவைப் பற்றி 1983-ல் ஓர் ஆய்விதழில் அவர் எழுதிய கட்டுரை, மாநாட்டு மலர்களில் கிடைக்காத பலவற்றைப் பதிவு செய்திருக்கிறது.

இனி 1987-ஆம் ஆண்டு நூலுக்கு வருவோம். அதன் மையக் கேள்வி எளிமையானது. பக்திப் பாடலில் யார் யாரிடம் பேசுகிறார்கள்? சங்க அகப்பாடலில் கவிஞர் தம் குரலில் பேசுவதே இல்லை. தலைவியும் தோழியும் செவிலியும் பேசுகிறார்கள். பாடியவர் திரைக்குப் பின்னால் நிற்கிறார். பக்திப் பாடலில் பாடியவர் முன்னால் வந்துவிடுகிறார். 'நான்' என்கிறார், 'உன்னை' என்கிறார், 'நெஞ்சே' என்கிறார், 'வாருங்கள் தொண்டர்களே' என்கிறார். கவிஞர், கடவுள், கேட்பவர் என்ற மூவரையும் முக்கோணத்தின் மூன்று முனைகளாக வைத்து, ஒவ்வொரு பாடலிலும் பேச்சு எந்த முனையிலிருந்து எந்த முனைக்குப் போகிறது என்று கட்லர் பார்க்கிறார். பாடலின் கடைசியில் வரும் கடைக்காப்புச் செய்யுளை அவர் மிகவும் முக்கியமாகக் கருதுகிறார். பாடியவர் பெயர், ஊர், பாடலைச் சொல்பவர்க்கு வரும் பயன் ஆகிய மூன்றும் அங்கேதான் ஒன்றாக நிற்கின்றன. இன்று அந்தப் பதிகத்தைச் சொல்கிற ஓதுவாரும் உட்கார்ந்து கேட்கிற பக்தரும் அந்தச் செய்யுள் வழியாகப் பாடலுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறார்கள். பாடியவர் பெற்ற அனுபவத்தை மறுபடி பெறுகிறார்கள். கோயிலில் கல்லிலும் வெண்கலத்திலும் இறைவன் எழுந்தருள்வதைப் போலச் சொல்லிலும் எழுந்தருளுகிறான் என்பது அவர் வந்தடையும் இடம். கடவுள் உருவங்களைப் பற்றி 1985-ல் ஜோன் வாக்ஹார்னுடன் சேர்ந்து ஒரு தொகுப்பு நூலைப் பதிப்பித்தவர் என்பதை நினைத்தால், இந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

இந்தச் சட்டகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அற்புதத் திருவந்தாதியைத் திறந்தால் நமக்குப் பழகிய பாட்டு புதிதாகத் தெரிகிறது. பிறந்து பேசக் கற்ற நாள் முதலே உன் அடியைச் சேர்ந்தேன், என் துயரை எப்போது தீர்ப்பாய் என்று முதல் வெண்பாவிலேயே நேருக்கு நேர் கேட்கிறார். அடுத்த சில பாட்டுகளில் பேச்சு இறைவனை விட்டு நெஞ்சின் பக்கம் திரும்புகிறது. இன்னோர் இடத்தில் யாரோ அருகில் நிற்பவர்களிடம் முறையிடுகிறார்: விவரம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அவன் மார்பில் அந்தப் பாம்பை ஏற விடுவார்களா, ஒருநாள் அது மலைமகள் மேல் ஊர்ந்துவிட்டால் எவ்வளவு பெரிய பாவம்! நூறு வெண்பா முடிந்து நூற்றொன்றாவதில் இந்த மாலை காரைக்கால் பேய் சொன்னது என்று கையொப்பம் வருகிறது. இதை அன்போடு சொல்பவர்க்கு என்ன கிடைக்கும் என்பதும் வருகிறது. நம் ஊர்ப் பெயர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. பாடியவர், ஊர், நாம் மூவரும் சந்திக்கும் செய்யுள் அது.

ஒரு வெண்பாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் அம்மையார் பிச்சைக்குப் புறப்படும் சிவனுக்கு ஒரு யோசனை சொல்கிறார். உலகமெல்லாம் சுற்றிப் பிச்சை எடுப்பதென்றால் எடு. ஆனால் உன் பாம்பை விட்டுவிட்டுப் போ. மேலே அது படமெடுத்து ஆடினால் பெண்கள் பயந்து பிச்சை போட வெளியே வரமாட்டார்கள் என்பது பொருள். பிச்சையிடும் பெண்ணின் பக்கம் நின்று, வாசலுக்கு வந்த கடவுளிடம் பேசும் பாட்டு. எவ்வளவு நெருக்கம், எவ்வளவு வீட்டுத்தனம்! மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வரும் வீதியில் நிற்கும் ஒவ்வொரு பெண்ணும் அந்தக் குரலைத் தன் குரலாகச் சொல்லலாம். கட்லர் விளக்கும் மூன்று முனைகளும் நம் பாரதியார் வீதியில் ஒன்றாகக் கூடுகின்றன. கதையைக் கொண்டாடும் அந்த நாளிலேயே கவிதையும் நம் வாசலில் வந்து நிற்கிறது. நாம்தான் அதை உள்ளே அழைக்கவில்லை.

அம்மையாரை நவீன முறையில் படிக்கும் வேலை அமெரிக்கர்களோடு தொடங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இதில் காரைக்காலின் பிரெஞ்சு வரலாறு நேராக உள்ளே வருகிறது. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த நம் பகுதி 1954 நவம்பர் 1-ஆம் தேதி இந்திய நிர்வாகத்துக்குக் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962-ல் முடிந்தது. ஆட்சி போன பிறகும் ஆய்வு நிற்கவில்லை. 1955 மார்ச்சில் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ழான் ஃபிலியோசா தலைமையில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதன் இந்தியவியல் வரிசையில் முதல் நூல் வந்தது. அந்த முதல் நூல் காரைக்காலம்மையாரின் படைப்புகள்! காரவேலன் பதிப்பித்துப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். ஃபிலியோசா முன்னுரை எழுதினார். வேதமோ காளிதாசனோ கிடைக்காமல் அவர்கள் இதை எடுக்கவில்லை. எத்தனையோ நூல்கள் இருக்க, முதல் எண்ணை நம் ஊர்ப் பெண் கவிஞருக்குக் கொடுத்தார்கள். 1982-ல் ஃபிரான்சுவா குரோ எழுதிய பின்னுரையோடும் சொல்லடைவோடும் அது மறுபடி வந்தது. தமிழ் படிக்கும் எந்த ஐரோப்பியரும் அம்மையாரைத் தாண்டிப் போக முடியாதபடி அந்த நூல் செய்துவிட்டது. கட்லருக்குப் பின்னால் இந்த அடித்தளம் இருந்தது.

கட்லரின் மற்ற கட்டுரைகளில் இரண்டை விட்டுவிட முடியாது. 1992-ல் அமெரிக்கக் கீழ்த்திசைக் கழக இதழில் வந்த திருக்குறள் கட்டுரை, பரிமேலழகர் உரையையும் இருபதாம் நூற்றாண்டு உரைகளையும் அருகருகே வைத்து, உரையாசிரியர்கள் ஒவ்வொரு காலத்திலும் ஒரு புதுக் குறளை உண்டாக்கினார்கள் என்று காட்டுகிறது. குறளை மேற்கோளாகவே படித்து வளர்ந்த நமக்கு இது சற்று அதிர்ச்சியாக இருக்கும். படித்து முடித்தால் பரிமேலழகர் மேல் மதிப்புதான் கூடும். மற்றொன்று அவர் இறந்த பிறகு 2003-ல், ஷெல்டன் பொல்லாக் தொகுத்த பெரிய நூலில் வந்த தமிழ் இலக்கியப் பண்பாட்டு வரலாறு. அது நம் டெல்டாவிலேயே நடமாடுகிறது. மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட உ.வே.சா., பின்னாளில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் சரித்திரம்' அதில் ஒரு சாட்சி. அந்தத் திண்ணைகளில் மாணவர்கள் தலபுராணங்களையும் அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழையும் மனப்பாடம் செய்தார்கள். சங்க நூல்களின் பெயரே பலருக்குத் தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் வாசகனின் உலகம் இப்படி இருந்தது. இருபதாம் நூற்றாண்டு இலக்கிய வரலாறுகள் சங்க காலத்தைத் தூக்கி முன்னால் வைத்து, அந்தத் திண்ணை உலகத்தை ஒதுக்கின. அதற்கும் முன்னால் போனால் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் புறத்திரட்டு இன்னொரு ரசனையைக் காட்டுகிறது. முத்தொள்ளாயிரப் பாட்டுகள் நமக்குப் பிழைத்தது பெரும்பாலும் அந்தத் தொகுப்பால்தான். எந்த நூல் பெரிது என்பதை ஒவ்வொரு காலமும் தன் தேவைக்கேற்ப முடிவு செய்கிறது என்ற இந்தப் பார்வை, அம்மையாரை நாம் கதையாக வைத்துக்கொண்டு கவிதையாக மறந்ததையும் விளக்கிவிடுகிறது.

என் பார்வையில் கட்லரின் நூலுக்கு ஒரு குறை உண்டு. ஆழ்வாரையும் நாயன்மாரையும் ஒரே மரபாகப் பார்க்கும் வேகத்தில், இடுகாட்டைத் தேர்ந்தெடுத்த ஒரு பெண்ணின் தனித்த குரல் பொதுவில் கரைந்துவிடுகிறது. அந்தக் குறையை அடுத்து வந்த இரண்டு அமெரிக்கப் பெண் பேராசிரியர்கள் தீர்த்தார்கள். டெக்சஸில் பணியாற்றிய எலேன் கிராடாக் 2010-ல் அம்மையாரைப் பற்றித் தனி நூல் எழுதினார். நியூ ஜெர்சி ட்ரூ பல்கலைக்கழகத்தின் கேரன் பெச்சிலிஸ் 2012-ல் வெளியிட்ட நூல், அம்மையாரின் பாடல், சேக்கிழாரின் கதை, நம் காலத்துத் திருவிழா மூன்றையும் தனித்தனியாக நிறுத்தி, ஒவ்வொன்றும் பக்திக்கு என்ன பொருள் சொல்கிறது என்று கேட்கிறது. பாடலும் கதையும் வேறு வேறு குரல்கள் என்பதை அவர் காட்டியிருக்கும் விதம் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் தாளம் கையிலேந்தி அமர்ந்திருக்கும் சோழர் கால வெண்கல அம்மையாரைப் பார்க்கும் மாணவர் ஒருவர், இன்று அதே நகரத்து நூலகத்தில் அவருடைய பாடலை நல்ல விளக்கத்தோடு படித்துவிட முடியும்.

காரைக்கால் மாணவர் ஒருவருக்கு அது அவ்வளவு எளிதா? நம் இளைஞர்கள் அம்மையார் கோயிலைக் கடந்து கல்லூரிக்குப் போகிறார்கள். தமிழ் இலக்கியப் பட்டம் படிப்பவர்கூடப் பாடத்திட்டத்தில் ஒரு பதிகத்தையோ சில வெண்பாக்களையோ தேர்வுக்காகப் படித்துவிட்டுக் கடந்துவிடும் நிலைதான் பல இடங்களில் இருக்கிறது. ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு உலகத் தமிழர்கள் 60 லட்சம் டாலர் திரட்டினார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. அதை மனமார வரவேற்கிறேன். அப்படிப்பட்ட இருக்கைகளில் அமர்ந்து எழுதப்படும் ஆய்வுகள் தமிழில் திரும்பி வருவதற்கும் அதே ஊக்கத்தோடு பணமும் உழைப்பும் செலவிட வேண்டும். ஒரு திறனாய்வு நூல் அதன் பாட்டைத் தாய்மொழியில் கேட்பவர்களிடம் வந்து சேர்ந்தால்தான் அதன் சரி தவறு தெரியும். கட்லர் சொன்னதில் ஏற்க வேண்டியதும் மறுக்க வேண்டியதும் இருக்கலாம். அதைச் சொல்லும் உரிமையும் பொறுப்பும் அம்மையாரின் ஊருக்கு எல்லோரையும்விட அதிகம்.

அதனால் இரண்டு வேண்டுகோள்கள். ஔவையின் பெயர் தாங்கிய அரசு மகளிர் கல்லூரியும் அறிஞர் அண்ணா அரசு கலைக்கல்லூரியும் நம் ஊரில் இருக்கின்றன. அவற்றின் தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் கைகோத்து, கட்லரின் நூலையும் பெச்சிலிஸின் நூலையும் மாணவர்களைக் கொண்டு அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் கொண்டுவரும் பணியில் இறங்க வேண்டும். உரிய பதிப்பகங்களிடம் அனுமதி பெற்று முறையாகச் செய்யட்டும். பத்து ஆண்டுகள் ஆனாலும் பரவாயில்லை. பிரெஞ்சு தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே குரோவின் பின்னுரையையும் தமிழாக்கிவிட வேண்டும்.

அடுத்தது திருவிழாக் குழுவினருக்கும் உபயதாரர்களுக்கும். 143 பாடல்களும் சட்டைப் பையில் அடங்கும் ஒரு சிறு புத்தகத்தில் அடங்கிவிடும். பாட்டுக்குக் கீழே எளிய பொழிப்புரையோடு அச்சிட்டு, ஆனிப் பௌர்ணமியன்று மாங்கனியோடு அதையும் வீட்டுக்கு ஒன்று கொடுங்கள். பிச்சாண்டவர் சப்பரம் புறப்படும்போது பாம்பை விட்டுவிட்டு வா என்று அம்மையார் சொன்ன வெண்பாவை ஒலிபெருக்கியில் ஓதுவார் ஒருவர் பாடட்டும்; வீதியில் நிற்கும் பெண்கள் கூடவே சொல்லட்டும்.